பயத்தைச் சொல்லி விடுங்கள்

(தோப்பும்படியில் தமிழ்த் தாய்மார்களிடம் பேசியது)



துறைமுகத்தில் வேலை முடித்து நேராக வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். மடியில் பிள்ளையோடு வந்தவர்கள் இருக்கிறீர்கள். ஏழு மாதம், எட்டு மாதம் என்று வயிற்றுப் பிள்ளையோடும் சிலர் தரையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். முதலில் அவர்களுக்கு நாற்காலி கொடுங்கள். பிறகு பேசலாம்.

இன்றைக்கு ஒரு பயத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். பிரசவ வலியைப் பற்றிய பயம் அல்ல. ஆபரேஷன் செய்வார்களோ என்ற பயமும் அல்ல. "பிள்ளை பெற்ற பிறகு என் மனசு கெட்டுப் போய்விடுமோ?" என்ற பயம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே இது சிலருக்கு வருகிறது. வந்தவர்கள் வெளியே சொல்வதில்லை. புருஷனிடம்கூடச் சொல்வதில்லை.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் இல்லை. உண்மையில் அவள் ஒரு பெண்ணும் இல்லை. பல பெண்களிடம் கேட்டதைச் சேர்த்து ஒருத்தியாகச் சொல்கிறேன்.

அவள் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரி. புருஷனுக்குத் தோப்பும்படித் துறைமுகத்தில் படகு வேலை. கடலுக்குப் போனால் பல நாள் கழித்துத்தான் வருவார். தலைப்பிரசவத்துக்கு அவள் தாய் வீட்டுக்குப் போனாள். ஆண் பிள்ளை. எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. பிள்ளை தூங்கினாலும் அவளுக்குத் தூக்கம் இல்லை. சோறு இறங்கவில்லை. பிள்ளை அழுதால் எங்கேயாவது ஓடிப் போகத் தோன்றியது. 'நான் ஒரு கெட்ட தாய்' என்று நினைத்தாள். கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். ஆறேழு மாதம் கழித்து மெல்ல மெல்லச் சரியானாள். யாரும் அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

இப்போது பிள்ளைக்கு நாலு வயது. அவளுக்கு மறுபடியும் ஐந்து மாதம். இந்தத் தடவை பார்த்துக்கொள்ள அவள் அம்மா உயிரோடு இல்லை. இரவில் அவள் விரல் விட்டு எண்ணுகிறாள். இன்னும் நாலு மாதம். அதற்குப் பிறகு அது மறுபடி வருமா?

மாமியாரிடம் லேசாகச் சொல்லிப் பார்த்தாள். "நாங்க எல்லாம் பெறலையா? அஞ்சு பெத்தேன். எனக்கு அழ நேரம் எங்க இருந்துச்சு?" என்றார் மாமியார். அந்த அம்மாவைக் குறை சொல்ல வேண்டாம். அவரும் அழுதிருப்பார். அந்தக் காலத்தில் அதற்கு ஒரு பெயர் கிடையாது. பெயர் இல்லாததை எப்படிச் சொல்வது?

எது சாதாரணம், எது நோய்?

பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்கிறோம். பத்தியம் வைக்கிறோம். காற்றுப் படாமல் காதை மூடுகிறோம். உடம்பு பச்சையாக இருக்கும்போது மனசும் பச்சையாகத்தான் இருக்கும். அதற்குப் பத்தியம் வைக்க நாம் பழகவில்லை.

பிரசவமான மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் வாக்கில் பலருக்குக் காரணம் இல்லாமல் அழுகை வரும். கோபம் வரும். பாதிப் பேருக்கு மேல் இப்படி வருகிறது. பத்து நாள், இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும். தூக்கமும் ஆறுதலான பேச்சும் போதும். இது நோய் அல்ல.

இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை என்றால் அதுதான் மனச்சோர்வு. சிலருக்கு உடனே வராமல் இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம் தொடங்கும். ஓர் ஆண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பலருக்குக் கர்ப்பத்திலேயே தொடங்கி விடுகிறது. பிரசவத்துக்குப் பிறகுதான் வெளியே தெரிகிறது. எப்போதும் துக்கம். எதிலும் பிடிப்பு இல்லை. தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம். பிள்ளைக்கு ஏதோ ஆகிவிடும் என்ற ஓயாத கவலை. இது நோய்தான். காய்ச்சல் போல, இரத்தசோகை போல இதற்கும் வைத்தியம் உண்டு. இரத்தம் குறைந்தாலும், தைராய்டு கோளாறு இருந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும். அதனால் டாக்டர் இரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்.

இன்னொன்று உண்டு. அது அபூர்வம். ஆயிரம் பிரசவத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ வரும். பிரசவமான இரண்டு வாரத்துக்குள் திடீரென்று வரும். இரவு பகல் தூங்க மாட்டாள். இல்லாத குரல் கேட்கும். சம்பந்தம் இல்லாமல் பேசுவாள். பிள்ளையைப் பற்றி விபரீதமாக ஏதாவது நம்புவாள். இதற்குக் காத்திருக்கக் கூடாது. மந்திரிப்பதென்றால் பிறகு மந்திரித்துக் கொள்ளுங்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். உடனே வைத்தியம் பார்த்தால் நன்றாகக் குணமாகும்.

முன்பு மனநோய் வந்து மருந்து சாப்பிட்டவர்கள் கர்ப்பம் என்று தெரிந்ததும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது. சில மருந்துகளை டாக்டர் மாற்றுவார். சில மருந்துகளைப் பால் கொடுக்கும்போதும் சாப்பிடலாம். எது, எவ்வளவு என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா அல்ல.

இது வசதியானவர்களுக்கு வரும் நோயா?

அப்படித்தான் பலர் சொல்கிறார்கள். வேலை வெட்டி இல்லாதவர்களுக்கு வருவதாம். சரி, நம் நாட்டிலேயே பார்த்துவிடுவோம்.

வேலூர் பக்கத்தில் கணியம்பாடி வட்டாரம் இருக்கிறது. எல்லாம் கிராமங்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் அங்கே 359 கர்ப்பிணிகளைப் பார்த்துப் பேசினார்கள். எல்லோரும் கடைசி மூன்று மாதத்தில் இருந்தவர்கள். பிரசவத்துக்குப் பிறகு அவர்களில் 301 பேரை மறுபடி பார்த்தார்கள். 100-க்கு 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. 2002-இல் இதை வெளியிட்டார்கள்.

யாருக்கு அதிகம் வந்தது? குறைந்த வருமானக் குடும்பத்துப் பெண்களுக்கு. ஆண் பிள்ளை வேண்டும் என்று காத்திருந்து பெண் பிள்ளை பெற்றவர்களுக்கு. மாமியாரோடும் பெற்றவர்களோடும் மனஸ்தாபம் உள்ளவர்களுக்கு. கர்ப்ப காலத்தில் ஏதாவது பெரிய கஷ்டம் வந்தவர்களுக்கு. வீட்டு வேலைக்குக் கை கொடுக்க ஆள் இல்லாதவர்களுக்கு.

இந்தப் பட்டியலை இன்னொரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். இதில் பாதி அந்தப் பெண்ணின் உடம்பில் இல்லை. அவளைச் சுற்றி இருக்கும் வீட்டில் இருக்கிறது. கை கொடுக்க ஆள் இல்லாதது ஒரு காரணம் என்றால், ஆளை ஏற்பாடு செய்வதும் ஒரு வைத்தியம்தான். பெண் பிள்ளை பிறந்ததும் முகத்தைத் திருப்பிக் கொள்ளாமல் இருப்பதும் வைத்தியம்தான். அதற்குக் காசு வேண்டாம்.

இதைச் சும்மா விட்டால் என்ன? பலருக்கு நாளாவட்டத்தில் சரியாகும். சிலருக்கு ஆகாது. கேரளத்து மகப்பேறு டாக்டர்களின் கூட்டமைப்பு 2004 முதல் தாய்மார்களின் மரணங்களைப் பெயர் வெளியிடாமல் ஆராய்கிறது. இரத்தப்போக்கு, இரத்தக் கொதிப்பு என்று காரணங்கள் வரிசையாக வருகின்றன. அந்த வரிசையில் தற்கொலையும் இருக்கிறது. இவ்வளவு ஆஸ்பத்திரி உள்ள மாநிலத்தில்! இரத்தக் கொதிப்பைப் பார்க்கக் கையில் பட்டை கட்டுகிறோம். மனசைப் பார்க்க வாயால் கேட்டால்தான் உண்டு.

பயந்தால் பயந்தது வந்துவிடுமா?

இந்தக் கேள்வியைத்தான் கர்ப்பிணிகள் அதிகம் கேட்கிறார்கள். "நான் இப்படிப் பயப்படுகிறேனே, அதனாலேயே வந்துவிடுமோ?"

நேராகப் பதில் சொல்கிறேன். முதல் பிரசவத்தில் வந்தவர்களுக்கு இரண்டாவதில் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். இதை மறைக்கக் கூடாது. ஆனால் கட்டாயம் வரும் என்று இல்லை. வராமல் போனவர்களும் நிறைய உண்டு. ஓயாத கவலை கர்ப்பத்தில் இருந்தால் பிறகு சோர்வு வருவதும் கூடுதல். அப்படியானால், கவலையை இப்போதே குறைத்தால்?

பாகிஸ்தானில் ராவல்பிண்டி என்று ஓர் ஊர். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்த கர்ப்பிணிகளில் கவலை அதிகம் உள்ளவர்களைச் சேர்த்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பாதிப் பேரோடு கர்ப்ப காலத்திலேயே ஆறு தடவை உட்கார்ந்து பேசினார்கள். பேசியவர்கள் டாக்டர்கள் அல்ல. இதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள். எந்த நினைப்பு வந்ததும் பயம் ஏறுகிறது, அந்த நினைப்பு உண்மையா, வேறு எப்படி நினைக்கலாம், யாரிடம் உதவி கேட்கலாம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பிரசவமான பிறகு பார்த்தார்கள். வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 100-க்கு 41 பேருக்கு மனச்சோர்வு. பேசியவர்களில் 100-க்கு 12 பேருக்குத்தான். 2024-இல் இது வெளிவந்தது.

41 எங்கே, 12 எங்கே! மருந்து மாத்திரை இல்லை. வெறும் பேச்சு. ஆனால் சரியான நேரத்தில் நடந்த பேச்சு. பிரசவத்துக்குப் பிறகு அவளைப் பேச வைப்பது கஷ்டம். தூக்கம் இருக்காது. பிள்ளை அழும். பேச வாய் வராது. இப்போது வாய் வருகிறது. அதனால் பயப்படுகிற பெண்ணே, உன் பயம் ஒரு தப்பு அல்ல. அது முன்கூட்டி வந்த தகவல். அதை இப்போதே கொண்டு போய்ச் சொல்.

யாரிடம் சொல்வது? செக்கப்புக்குப் போகிறீர்கள் அல்லவா? கருவேலிப்படியில் மகாராஜாஸ் தாலுகா ஆஸ்பத்திரி இருக்கிறது. மட்டாஞ்சேரியில் பெண்கள் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. எங்கே போனாலும் எடை பார்க்கிற நர்ஸிடம் ஒரே வாக்கியம் சொன்னால் போதும். "போன பிரசவத்தில் என் மனசு சரியில்லாமல் போயிற்று. இப்போது பயமாக இருக்கிறது." கேரளத்தில் தாய்மார்களின் மனநலத்துக்கென்றே 'அம்ம மனசு' என்ற திட்டம் உண்டு. ஆஷா அக்காமாரும் நர்ஸுமாரும் இதைக் கேட்டறிய வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். நீங்களாகச் சொன்னால் அவர்கள் வேலை சுலபம். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்த ஆஸ்பத்திரிக்கு எந்த நாள் வருகிறார் என்றும் அவர்களிடமே கேளுங்கள்.

மலையாளத்தில் சொல்ல வரவில்லையா? வீட்டில் இருந்தே 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். டெலி மானஸ் என்று பெயர். 2022 அக்டோபரில் இந்திய அரசு தொடங்கியது. காசு இல்லை. இரவிலும் எடுப்பார்கள். தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள்.

அங்கே பத்துக் கேள்வி உள்ள ஒரு தாளைக் கொடுத்தால் பயப்பட வேண்டாம். பரீட்சை அல்ல. 1987-இல் ஸ்காட்லாந்து நாட்டில் உண்டாக்கியது. தமிழில் மாற்றி, நம் பெண்களுக்குச் சரியாக வருகிறதா என்று வேலூரில் சோதித்து 2005-இல் வெளியிட்டார்கள். கடந்த ஏழு நாளில் மனசு எப்படி இருந்தது என்று கேட்கும். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

"சொன்னால் பைத்தியம் என்று எழுதிப் பிள்ளையைப் பிடுங்கிக் கொள்வார்களே?" இந்தப் பயமும் உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இதற்குப் பதில் சொல்கிறது. தாய் மனநல ஆஸ்பத்திரியில் வைத்தியம் பெற்றாலும், மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை அவளிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. பிள்ளைக்கு ஆபத்து என்று டாக்டர் கருதினால் கொஞ்ச காலம் பிரிக்கலாம். அப்போதும் தாய் பிள்ளையைப் பார்க்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் தாயையும் பிள்ளையையும் ஒன்றாகவே வைத்துப் பார்க்கும் தனிப் பிரிவு 2009 முதல் நடக்கிறது.

இரண்டு ஊர், ஒரு தாள்

இப்போது நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். இது புத்தகத்தில் இல்லாத விஷயம்.

நம்மில் பலர் இங்கே செக்கப் செய்கிறோம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் ஊருக்கு ரயில் ஏறுகிறோம். அங்கே பிரசவம். மூன்றாம் மாதம் திரும்பி வருகிறோம். இங்கே சொன்னது அங்கே தெரியாது. அங்கே நடந்தது இங்கே தெரியாது. பிரசவமான வீட்டுக்கு 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் ஆஷா வந்து பார்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த 42 நாளும் நீங்கள் இங்கே இருப்பதில்லை. சோர்வு வருகிற நேரம் இரண்டு ஊருக்கும் நடுவில் விழுந்து விடுகிறது.

1990 பிப்ரவரி 4 அன்று இந்த எறணாகுளம் மாவட்டம் நாட்டிலேயே முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட மண்ணில் நீங்களும் எழுதப் படிக்கக் கற்றிருக்கிறீர்கள். அந்த எழுத்தை இதற்குப் பயன்படுத்துங்கள். ஒரு தாள் எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை.

போன தடவை என்ன ஆயிற்று, எத்தனை மாதம் இருந்தது, ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா என்று முதலில் எழுதுங்கள். தாய் சேய் அட்டைக்குள் அதை வைத்து ஊர் நர்ஸிடம் காட்டுங்கள். சுருக்கமாக அட்டையிலேயே குறித்துத் தரச் சொல்லி இங்கே உள்ள நர்ஸிடமும் கேளுங்கள்.

பிறகு இரவைப் பற்றி எழுதுங்கள். இது முக்கியம். தூக்கம் கெடுவதுதான் பலருக்குத் தொடக்கம். முதல் 40 நாள் இரவில் உங்களோடு யார் படுப்பார்கள்? பால் கொடுத்து முடித்ததும் பிள்ளையை யார் வாங்கிக் கொள்வார்கள்? நீங்கள் சேர்ந்தாற்போல் நாலைந்து மணி நேரம் தூங்க முடியுமா? ஆளின் பெயரை எழுதுங்கள். 'யாராவது பார்த்துக் கொள்வார்கள்' என்று எழுதினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

புருஷன் கடலில் இருப்பாரே என்கிறீர்கள். சரிதான். ஆனால் ஜூன், ஜூலையில் கேரளத்தில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சமீப ஆண்டுகளில் 52 நாள். பிரசவத் தேதி அதை ஒட்டி வந்தால் அந்த நாட்களை வலை சரிசெய்வதற்கு மட்டும் வைக்க வேண்டாம். வேறு மாதம் என்றால், எந்தப் போக்கை விடலாம் என்று படகுக்காரரிடம் இப்போதே பேசலாம். பிரசவத்துக்கு முந்தின நாள் கேட்டால் கிடைக்காது.

மூத்த பிள்ளையை அங்கன்வாடிக்கு யார் கொண்டு விடுவது? அதையும் எழுதுங்கள். தாய் இல்லாத பெண்ணுக்கு ஊரில் சித்தி இருக்கலாம், அண்ணி இருக்கலாம், இங்கே எதிர் வீட்டு மலையாளச் சேச்சி இருக்கலாம். தாய் வீடு என்று ஒன்று இல்லாவிட்டால் இங்கேயே பிரசவம் பார்ப்பதும் நல்லதுதான். தெரிந்த நர்ஸ், தெரிந்த ஆஷா. கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

கடைசியாக, ஒருத்தரைக் காவல் வையுங்கள். நாத்தனாரோ தோழியோ. "நான் இரண்டு வாரத்துக்கு மேல் சிரிக்கவில்லை என்றால், சாப்பிடவில்லை என்றால், நான் வேண்டாம் என்று சொன்னாலும் என்னை டாக்டரிடம் கூட்டிப் போ" என்று இப்போதே சொல்லி வையுங்கள். 'நான் இருந்து என்ன பயன்' என்று அவள் சொன்னால், பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது என்று சொன்னால், அடிக்கவோ அதட்டவோ கூடாது. தனியாக விடக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

நான் சொன்ன பெண் அப்படி ஒரு தாள் எழுதினாள். மாமியார் கேட்டார், "என்னம்மா எழுதுற?" அவள் வாசித்துக் காட்டினாள். இரவில் யார் படுப்பார்கள் என்ற இடத்தில் பெயர் இல்லாமல் இருந்தது. கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. பிறகு மாமியார் சொன்னார், "என் பேரை எழுது. எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வர்றதில்லையே."

மேசை மேல் காகிதமும் பேனாவும் இருக்கின்றன. எழுத வேண்டியவர்கள் எடுத்துக் கொள்ளுங்கள். வாசலில் நிற்கிற ஆண்களும் உள்ளே வாருங்கள். உங்கள் பெயரையும் அந்தத் தாளில் எழுத வேண்டியிருக்கிறது. தனியாகக் கேட்க வேண்டியது இருந்தால் நான் பின்னால் உள்ள அறையில் இருப்பேன்.